தண்ணியாகிப்போன போர்ட்டருக்குப் பாட்டிலில் அடைக்கும் முன் கனம் ஏற்றியது

20 லிட்டர் பிரவுன் போர்ட்டர், அதாவது வீட்டில் காய்ச்சிய கரும்பழுப்பு நிற பீர். நிறம் சரி, வாசனை சரி, கசப்பும் அளவுதான். வாயில் ஊற்றினால் மட்டும் எதுவும் நிற்கவில்லை. ஆறிப்போன கடுங்காப்பியில் இன்னொரு டம்ளர் தண்ணீரைக் கலந்த மாதிரி, வறுத்த மால்ட்டின் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) சுவை நாக்கைத் தொட்டுவிட்டு ஓடிவிட்டது. நொதித்தல் முடிந்துவிட்டது, பாட்டில்கள் கழுவிக் கவிழ்த்தாயிற்று. கொட்டிவிடலாமா, ஏதாவது செய்து அடைக்கலாமா என்ற கட்டத்தில் செய்த வேலைகள்தான் இவை. கடைசியில் சரியானது. ஆனால் முதலில் செய்த இரண்டு காரியங்கள் வீண்.

செய்த இடம் இங்கிலாந்து. வீட்டில் பீர் காய்ச்ச வேண்டிய உரிமத்தை 1963 பட்ஜெட்டில் அங்கே எடுத்துவிட்டார்கள். சொந்தத்துக்குக் காய்ச்சலாம், விற்கக்கூடாது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இதற்கு இடம் கொடுப்பதில்லை. அங்கிருந்து படிப்பவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளவும்.

சரக்கு: மாரிஸ் ஆட்டர் மால்ட் 4 கிலோ, பிரவுன் மால்ட் 300 கிராம், கிரிஸ்டல் மால்ட் 250 கிராம், சாக்லேட் மால்ட் 200 கிராம். ஈஸ்ட் யுஎஸ்-05, ஒரு பாக்கெட். தொடக்க கிராவிட்டி 1.048. கிராவிட்டி என்பது தண்ணீரை 1.000 என்று வைத்துச் சொல்லும் அடர்த்தி; 0.001 ஒரு புள்ளி; ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன இறங்கும். எதிர்பார்த்த முடிவு 1.012, கொஞ்சம் முன்னே பின்னே.

முதல் தப்பு: ரிஃப்ராக்டோமீட்டரை நம்பியது

பத்தாம் நாள் இரண்டு சொட்டு எடுத்து ரிஃப்ராக்டோமீட்டரில், அதாவது ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரை அளவைக் காட்டும் கருவியில், விட்டுப் பார்த்தால் 4.5 பிரிக்ஸ். அட்டவணையில் நேராகப் பார்த்தால் 1.018. அடடா, ஈஸ்ட் பாதியில் நின்றுவிட்டது என்று முடிவு கட்டி, வாளியை மெதுவாகச் சுழற்றி ஈஸ்ட்டைக் கிளப்பி, அறைச் சூட்டை 21 டிகிரிக்கு ஏற்றி நான்கு நாள் காத்திருந்தாயிற்று. அளவு அசையவில்லை.

அசையாது. ஆல்கஹால் கலந்துவிட்ட திரவத்தில் ஒளி வளையும் கணக்கே வேறு. நொதிக்காத மால்ட் சாற்றுக்கு, அதாவது வோர்ட்டுக்குத்தான் அந்த அட்டவணை பொருந்தும். நொதித்த பிறகு தொடக்க அளவையும் சேர்த்துத் திருத்தக் கணக்கு போட வேண்டும். அதே பீரில் ஹைட்ரோமீட்டரை (அடர்த்தி காட்டும் கண்ணாடி மிதவை) மிதக்கவிட்டபோது 1.006. அதாவது நிற்கவே இல்லை. தின்ன வேண்டியதற்கு மேலேயே தின்று முடித்திருக்கிறது. 48 புள்ளியில் 42 போய்விட்டது. 100க்கு 87 பங்கு. யுஎஸ்-05 வழக்கமாக 80ஐ ஒட்டி நிற்கும் ஈஸ்ட்.

ஹைட்ரோமீட்டரிலும் ஒரு சின்ன வம்பு உண்டு. மாதிரியில் இருக்கும் வாயுக் குமிழிகள் கண்ணாடித் தண்டில் ஒட்டி அதைத் தூக்கிவிடும். இரண்டு மூன்று புள்ளி கூடுதலாகக் காட்டும். டீக்கடையில் ஆற்றுவது போல இரண்டு டம்ளர்களுக்கு இடையே பத்துப் பன்னிரண்டு முறை ஆற்றி, நுரை அடங்கியதும் அளக்க வேண்டும். அளந்ததை வாளியில் திருப்பி ஊற்றக்கூடாது, குடித்துவிடலாம். மூன்று நாள் விட்டு இன்னொரு முறை அளந்தபோதும் 1.006. ஆக, நொதித்தல் உண்மையிலேயே முடிந்துவிட்டது. இது உறுதியாகாமல் மேலே எதையும் தொடக்கூடாது.

காரணம் எங்கே இருந்தது

மேஷ் நேரத்தில், அதாவது மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும் நேரத்தில், சூடு 63 - 65 டிகிரியில் இருந்தால் ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரை அதிகமாகப் பிரியும். 67 - 69 டிகிரியில் இருந்தால் ஈஸ்ட்டால் தின்ன முடியாத டெக்ஸ்ட்ரின் அதிகம் மிஞ்சும். வாயில் கனம் தருவதில் அதற்குப் பெரும் பங்கு. குறிப்பேட்டில் 67 என்றுதான் எழுதியிருந்தது. எனவே சந்தேகம் தெர்மாமீட்டர் மேல்.

ஒரு டம்ளர் நிறைய உடைத்த ஐஸ், அது நனையும் அளவுக்கு மட்டும் தண்ணீர், இரண்டு நிமிடம் கலக்கி டயல் தெர்மாமீட்டரைச் செருகினால் 0 காட்ட வேண்டும். 3 காட்டியது. கொதிக்கும் தண்ணீரில் 102. நடுவில் கணக்குப் போட்டால், 67 என்று காட்டியபோது உண்மைச் சூடு 64.7 அளவில். போதாததற்கு ஊறல் 90 நிமிடம் நடந்திருக்கிறது. மூடியில் போர்வை சுற்றாத கூலர் டப்பாவில் கடைசியில் இன்னும் இரண்டு டிகிரி இறங்கியிருந்தது. ஈஸ்ட்டுக்கு இலை போட்டு விருந்து வைத்த மாதிரிதான்.

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் அது அடுத்த முறைக்குத்தான் உதவும். வாளியில் இருப்பதற்கு உதவாது. மேஷ் சூட்டைப் பின்னால் போய்த் திருத்த முடியாது. நாள் கடத்தினாலும் கனம் தானாக வராது.

இரண்டாம் தப்பு: கிரிஸ்டல் மால்ட் கஷாயம்

கையில் கிரிஸ்டல் மால்ட் 250 கிராம் மிச்சமிருந்தது. அதை ஒரு லிட்டர் தண்ணீரில் 70 டிகிரியில் அரை மணி ஊறவைத்து, துணியில் வடிகட்டி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, ஆறவைத்து வாளியில் சேர்த்தாயிற்று. கிடைத்தது 700 மில்லி, தேன் நிறக் கஷாயம். கிராவிட்டி 1.008க்கு ஏறியது. மறுநாள் காலை ஏர்லாக்கில் (வாயுவை மட்டும் வெளியே விடும் அடைப்பு) குமிழி. ஆறாம் நாள் 1.007.

கிரிஸ்டல் மால்ட்டில் இருப்பதெல்லாம் தின்ன முடியாத சர்க்கரை இல்லை. கணிசமான பங்கை ஈஸ்ட் தின்றுவிடும். ஒரு புள்ளிக்காக ஆறு நாள் காத்திருப்பு. லேசான உலர்திராட்சைச் சுவை கூடியது, வாயில் எந்த வித்தியாசமும் இல்லை. அதைவிட முக்கியம்: இதைச் சேர்த்த அன்றே பாட்டிலில் அடைத்திருந்தால் அந்த ஒரு புள்ளி பாட்டிலுக்குள் நொதித்துத் தேவைக்கு மேல் அழுத்தத்தை ஏற்றியிருக்கும். மால்ட் தூளைக் கரைத்து ஊற்றலாம் என்று சொல்பவர்களுக்கும் இதே பதில்தான். அது பெரும்பாலும் ஈஸ்ட்டின் சாப்பாடு. ஓட்ஸ் கஞ்சி காய்ச்சி ஊற்றுவது இன்னும் மோசம். மால்ட்டோடு சேர்த்து ஊறவைக்காத ஓட்ஸிலிருந்து வருவது பச்சை மாவுச்சத்து. பீர் கலங்கும், வேண்டாத கிருமிகளுக்குத் தீனியாகும்.

மிஞ்சிய வழிகள் மூன்று: மால்டோடெக்ஸ்ட்ரின் (டெக்ஸ்ட்ரின் வகைத் தூள்), லாக்டோஸ் (பால் சர்க்கரை), உப்பு.

டம்ளர் சோதனை

வாங்கியவை: மால்டோடெக்ஸ்ட்ரின் அரை கிலோ 4.50 பவுண்ட், லாக்டோஸ் அரை கிலோ 3.80, 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு 9, ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்ச் 1 பவுண்ட். மால்டோடெக்ஸ்ட்ரின் ஜிம் பொருள் கடைகளிலும் கிடைக்கும், பெரும்பாலும் மலிவாக. ஆனால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு எடுக்க வேண்டும். வெனிலா சேர்த்தது, டெக்ஸ்ட்ரோஸ் கலந்தது, இனிப்பூட்டி போட்டது எதுவும் ஆகாது.

20 லிட்டரில் நேராகக் கொட்டிப் பார்ப்பது முட்டாள்தனம். சேர்த்ததை எடுக்க முடியாது. 50 கிராம் மால்டோடெக்ஸ்ட்ரினைச் சுடுநீரில் கரைத்து மொத்தம் 100 மில்லி ஆக்கினால் ஒரு மில்லியில் அரை கிராம் இருக்கும். 100 மில்லி பீருக்கு ஒரு மில்லி விட்டால் லிட்டருக்கு 5 கிராம் என்ற கணக்கு. இந்தக் கணக்கு மண்டையில் ஏறிவிட்டால் மீதியெல்லாம் எளிது.

ஏழு டம்ளர், ஒவ்வொன்றிலும் 100 மில்லி பீர், 12 டிகிரிக்குக் குளிரவைத்தது. முதலாவதில் 2 மில்லி வெறும் தண்ணீர். இதை விட்டுவிடக்கூடாது, மற்ற டம்ளர்களும் கொஞ்சம் நீர்த்துப்போகின்றன, ஒப்பிட ஆள் வேண்டாமா? அடுத்த மூன்றில் லிட்டருக்கு 5, 10, 15 கிராம் கணக்கில் மால்டோடெக்ஸ்ட்ரின். ஐந்தாவதில் லாக்டோஸ், லிட்டருக்கு 15 கிராம் கணக்கு. அது குளிர்ந்த நீரில் சண்டித்தனம் செய்யும் என்பதால் 1.5 கிராமை 5 மில்லி கொதிநீரில் கரைத்து விட்டது. ஆறாவதில் உப்பு மட்டும். லிட்டருக்கு 10 கிராம் கரைசலில் அரை மில்லி, அதாவது லிட்டர் பீருக்கு 50 மில்லிகிராம். ஏழாவதில் 10 கிராம் கணக்கு மால்டோடெக்ஸ்ட்ரினும் அதே உப்பும். டம்ளருக்கு அடியில் எண் எழுதிய ஸ்டிக்கர். இடம் மாற்றிவைத்து, எண்ணைப் பார்க்காமல் ருசி பார்த்தது.

5 கிராம் டம்ளரை முதலாவதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியவில்லை. 10 கிராமில் விழுங்கிய பிறகும் நாக்கின் நடுவில் ஏதோ கொஞ்சம் தங்கியது. சாக்லேட் மால்ட்டின் கசப்பு முனை மழுங்கியது. 15 கிராமில் உதடு ஒட்டியது. வடிகஞ்சி குடித்தவர்களுக்கு அந்த வழவழப்பு உடனே பிடிபடும். லாக்டோஸில் கனத்தைவிட இனிப்புதான் முன்னால் வந்தது. மில்க் ஸ்டவுட் என்ற இனிப்புக் கரும் பீர் என்றால் பொருத்தம், போர்ட்டருக்கு வேண்டாம். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஊற்றிக்கொடுக்கும்போது சொல்லியாக வேண்டும் என்ற தொல்லையும் உண்டு.

எதிர்பாராதது உப்பு டம்ளர். உப்புக் கரிக்கவே இல்லை. கனம் கூடியதாகவும் சொல்ல முடியாது. ஆனால் சுவை உருண்டு திரண்டு வந்தது. பாயசத்தில் ஒரு சிட்டிகை உப்பு செய்யும் அதே வேலை. ஏழாவது டம்ளர்தான் எல்லாவற்றிலும் சிறந்தது, சந்தேகமே இல்லை.

ஒரு எச்சரிக்கை. சோதனை வாயு இல்லாத பீரில் நடக்கிறது. வாயு ஏறியதும் வழவழப்பு குறைந்து, சுறுசுறுப்பு கூடும். அதனால் 15 கொஞ்சம் கூடுதல், 10 கொஞ்சம் குறைவு என்று தோன்றினால் 12க்குப் போகலாம். இங்கே 10லேயே நின்றது.

எந்தப் பீரில் இதைச் செய்யக்கூடாது

மால்டோடெக்ஸ்ட்ரினைப் பெரும்பாலான ஈஸ்ட்டுகள் அனேகமாகத் தொடுவதில்லை. ஆனால் சேசோன் என்ற பீர் வகைக்கான ஈஸ்ட்டுகள் பலவற்றில் டெக்ஸ்ட்ரினையே உடைத்துத் தின்னும் வகை உண்டு; பல பாக்கெட்டுகளில் டயாஸ்டாடிகஸ் என்று போட்டிருக்கும். அந்தப் பீரில் இதைச் சேர்த்து பாட்டிலில் அடைத்தால் மெல்ல மெல்ல நொதித்து, வாரங்கள் கழித்து வெடிக்கும். குளுக்கோஅமைலேஸ் போன்ற நொதியைப் புளிக்கும் வாளியில் சேர்த்தவர்களுக்கும் அதே கதி. நொதித்த பிறகு ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ) போட்டு ஊறவைத்த பீரிலும் கவனம் வேண்டும். ஹாப்ஸோடு வரும் நொதிகள் டெக்ஸ்ட்ரினைக் கொஞ்சம் உடைக்கும். அப்படிப்பட்ட பீரில் மால்டோடெக்ஸ்ட்ரினை வாளியிலேயே சேர்த்து, ஒரு வாரமாவது விட்டு, கிராவிட்டி இறங்கவில்லை என்று கண்டபின் அடைக்க வேண்டும். இந்தப் போர்ட்டரில் மூன்றும் இல்லை.

கலந்த நாள்

மாதிரிக்கும் அடியில் படிந்த ஈஸ்ட்டுக்கும் போனது போக 19.5 லிட்டர். லிட்டருக்கு 10 கிராம் என்றால் மால்டோடெக்ஸ்ட்ரின் 195 கிராம். உப்பு 1 கிராம், அயோடின் சேர்க்காதது. பாட்டிலில் வாயு ஏற்றச் சாதாரண வெள்ளைச் சர்க்கரை 107 கிராம். இந்தக் கணக்கு: பீர் கடைசியாக எட்டிய சூடு 20 டிகிரியை ஒட்டி என்று எடுத்தால் அதில் ஏற்கெனவே 0.86 பங்கு வாயு கரைந்திருக்கும், இலக்கு 2.3 பங்கு; ஒரு பங்குக்கு லிட்டருக்கு 3.8 கிராம் சர்க்கரை. ஒரு பங்கு என்றால் பீரின் கொள்ளளவுக்குச் சமமான அளவு வாயு. போர்ட்டருக்கு வழக்கமாக 2 பங்கு போதும் என்பார்கள். மெலிந்த பீருக்குக் கொஞ்சம் கூடுதல் வாயு முட்டுக்கொடுக்கும் என்பதால் 2.3.

மால்டோடெக்ஸ்ட்ரின் தூளைக் கொதிக்கும் தண்ணீரில் கொட்டினால் ரவை உப்புமா கட்டி தட்டுவது போல் உருண்டை உருண்டையாகிவிடும். வெளியே பசை, உள்ளே உலர்ந்த மாவு. 600 மில்லி குளிர்ந்த தண்ணீரில் முட்டை அடிக்கும் கம்பியால் கிளறிக்கொண்டே மூன்று தவணையாகத் தூவி, முழுதும் கரைந்தபின் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். பிறகு சர்க்கரை, உப்பு. பத்து நிமிடம் கொதி. பொங்கும், பெரிய பாத்திரம் நல்லது. மூடி போட்டு, பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து 25 டிகிரிக்கு ஆற்றியது.

தூளை நேராகப் பீரில் தூவும் யோசனை யாருக்காவது இருந்தால்: கரைந்திருக்கும் வாயு முழுதும் தூளைச் சுற்றிக் குமிழியாகக் கிளம்பி, நுரை வாளியைத் தாண்டித் தரைக்கு வரும்.

கிருமி நீக்கிய அடைப்பு வாளியின் அடியில் பாகை ஊற்றி, அதன் மேல் பீரைக் குழாய் வழியாக இறக்கியது. குழாயின் முனை அடியில் வளைந்து கிடக்க வேண்டும். சலசலவென்று விழுந்தால் காற்று கலந்து, ஒரு மாதத்தில் ஈர அட்டைப் பெட்டி வாடை வரும். சுழன்று இறங்கும்போது தானாகக் கலந்துவிடும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. கலக்கவில்லை. வாளியின் திருகுக்குழாயில் 100 மில்லி பிடித்து அளந்தால் 1.019. பாகு பாதிக்கு மேல் அடியிலேயே கிடக்கிறது. அப்படியே அடைத்திருந்தால் முதல் பத்து பாட்டில் சர்க்கரையால் வெடித்திருக்கும், கடைசிப் பத்தில் நுரையே இருந்திருக்காது. நீளக் கரண்டியை அடிவரை விட்டு, மேற்பரப்பு உடையாமல், அடியிலிருந்து மேலே தூக்கிவிடுவது போல முப்பது நாற்பது முறை நிதானமாகக் கிளறியது. திரும்ப அளந்தபோது 1.012. குழாயடியில் ஒன்று, மேலிருந்து ஒன்று என இரண்டு இடத்திலும் அதே எண். கணக்கும் அதைத்தான் சொன்னது: 1.007 பீர், மால்டோடெக்ஸ்ட்ரினுக்கு மூன்று புள்ளி, சர்க்கரைக்கு இரண்டு.

500 மில்லி கண்ணாடி பாட்டில் 38, சோடா வந்த அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் 1. அந்தப் பிளாஸ்டிக் பாட்டில்தான் காவல்காரன். நாளுக்கு ஒரு முறை அழுத்திப் பார்த்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று கைக்குத் தெரியும். நான்காம் நாள் இறுகத் தொடங்கியது, பத்தாம் நாள் கல். அதற்குப் பிறகு அடிப்பகுதி பிதுங்கத் தொடங்கியிருந்தால் எல்லா மூடியையும் தூக்கி வாயுவை விட்டிருக்க வேண்டியிருக்கும். பிதுங்கவில்லை.

மூன்று வாரம் கழித்து

ஒரு பாட்டிலைத் திறந்து, வாயு முழுதும் போகும்வரை ஆற்றி அளந்தால் 1.010க்கு ஒரு மயிரிழை கீழே. சர்க்கரை நொதித்துவிட்டது, மால்டோடெக்ஸ்ட்ரின் அப்படியே இருக்கிறது. எட்டாம் வாரத்திலும் அதே எண்.

குடிக்கும்போது இது மெலிந்த பீர் என்று இனிச் சொல்ல முடியாது. ஆனால் 1.013இல் இயல்பாக நின்ற போர்ட்டரின் கனமும் இல்லை. மால்ட்டிலிருந்து வரும் கனத்தோடு ரொட்டி வாசனை, மெல்லிய இனிப்பு எல்லாம் கூட்டமாக வரும். மால்டோடெக்ஸ்ட்ரின் கனத்தை மட்டும் தரும், மற்றபடி ஊமை. நுரையும் மாறவில்லை, ஊற்றியதும் எழும்பி இரண்டு நிமிடத்தில் வட்டமாகச் சுருங்கியது. நுரையை நிறுத்துவது பெரும்பாலும் மால்ட் புரதமும் ஹாப்ஸும். டெக்ஸ்ட்ரினிடம் அதைக் கேட்டுப் பயனில்லை.

செலவு: மேலே சொன்னவற்றோடு கிரிஸ்டல் மால்ட் 90 பென்ஸ், புதிய டிஜிட்டல் தெர்மாமீட்டர் 14 பவுண்ட். மொத்தம் 33.20. பீருக்குப் போட்ட சரக்கைவிட இரண்டு மடங்கு. அதில் உண்மையில் வாளிக்குள் போய்ப் பயன்பட்டது மால்டோடெக்ஸ்ட்ரின் 1.75 பவுண்டுக்கும், ஒரு சிட்டிகை உப்பும். லாக்டோஸ் பாக்கெட் மிச்சம் அலமாரியில் கிடக்கிறது.

அடுத்த காய்ச்சலுக்குக் குறிப்பேட்டில் எழுதிவைத்தவை. அடுப்பு பற்றவைக்கும் முன் தெர்மாமீட்டர் ஐஸ் தண்ணீரில் முங்கி எழ வேண்டும். மேஷ் 68 டிகிரி, 60 நிமிடம், அதற்கு மேல் இல்லை. 18 டிகிரியில் இருக்கும் 4.75 கிலோ மால்ட்டுக்கு 14 லிட்டர் தண்ணீர் 75 டிகிரியில் ஊற்றினால் 68இல் வந்து நிற்கும். கூலர் டப்பாவை முன்கூட்டியே வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி, மூடிமேல் போர்வை. ஈஸ்ட் யுஎஸ்-05 வேண்டாம். வின்ட்சர் அல்லது லண்டன் (முன்பு லண்டன் இஎஸ்பி என்ற பெயரில் வந்தது). இரண்டும் மால்டோட்ரையோஸ் என்ற சர்க்கரையைத் தொடாமல் விட்டுவிடும், 70 சதவீதத்தை ஒட்டி நின்றுவிடும். உப்பு 1 கிராம், இம்முறை மேஷ் தண்ணீரிலேயே. ரிஃப்ராக்டோமீட்டர் கொதி நாளன்று மட்டும்; மறுநாள் காலை பெட்டிக்குள் போய்விட வேண்டும்.